ஐந்தாவது தெரிவு

பட்டியலில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். வேறு ஒருத்தியைக் குற்றம் சொல்லத் தொடங்கும் முன் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குற்றம் சொல்லத்தான் போகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

சமாதான காலம் அது. சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்திருந்தது. கிளிநொச்சியில் வீதியின் இரண்டு பக்கமும் வாரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை முளைத்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றின் கீழேதான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வீடில்லாத குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுக்கும் ஓர் உதவி நிறுவனம். ஓட்டுக் கூரை போட்ட நீண்ட கட்டடம், உள்ளே நான்கு கணினிகள், பின்பக்கம் ஒரு ஜெனறேற்றர். அது நின்றால் நாங்களும் வேலையை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். எனக்கு இருபத்திரண்டு வயது.

வெளிக்களத்துக்குப் போகிறவர்கள் ஊர் ஊராகச் சென்று காகிதத்தில் விபரம் எழுதி வருவார்கள். அதைக் கணினியில் பதிவதற்கு வலைப்பக்கம் செய்வது என் வேலை. குடும்பத் தலைவர் பெயர், ஊர், எத்தனை பேர், இப்போது எப்படிப்பட்ட கொட்டிலில் இருக்கிறார்கள், காணி யாருடையது என்று கேள்விகள். முதலில் எல்லாவற்றுக்கும் வெறும் பெட்டிதான் வைத்திருந்தேன், விரும்பியதைத் தட்டலாம். அதனால் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரே ஊர் எட்டு விதமாக வந்து விழுந்தது. காணி யாருடையது என்ற பெட்டிக்குள் ஒருவர், "மாமாவின் காணி, மாமா கனடாவில், மாமியோடு கதைபேச்சு இல்லை" என்று முழுக் குடும்பக் கதையையும் எழுதியிருந்தார். இதையெல்லாம் கூட்டிக் கணக்கெடுத்து யாருக்கு முதலில் வீடு என்று முடிவு செய்வது எப்படி?

ஆகவே பெட்டிகளைத் தூக்கிவிட்டுப் பட்டியல்களை வைத்தேன். அழுத்தினால் கீழே விரியும், அதில் உள்ள ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். புதிதாக எதையும் எழுத முடியாது. தெரிவு செய்யாமல் விட்டால் படிவம் பதியாது, சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். மேலதிகக் குறிப்புகள் என்று அடியில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. மாமியின் கதைகள் அங்கே குடிபெயரும் என்று தெரிந்து அதையும் எடுத்துவிட்டேன். எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா அந்தப் பக்கம்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களிடம் ஏழு படிவங்கள் இருந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் அதே பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஓர் ஊரைச் சேர்க்கச் சொன்னால் ஏழு இடத்தில் சேர்க்க வேண்டும், ஏழில் ஒன்றை மறந்தால் ஏச்சு வாங்க வேண்டும். பிறகு பட்டியல்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். பக்கத்தின் வார்ப்புருவில், பெட்டி வர வேண்டிய இடத்தில், இந்தப் பட்டியலை எடுத்து இங்கே நிரப்பு என்று ஒரே ஒரு வரி. கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் ஏழு படிவத்திலும் வந்துவிடும். ஒரு வரியை எடுத்தால் ஏழிலும் போய்விடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததை முதலில் அவளுக்குத்தான் காட்டினேன்.

அவள் என் சிநேகிதி. கணினி வகுப்பில் ஒரே கதிரையில் பாதிப் பாதி இருந்து படித்தவர்கள் நாங்கள், கணினி குறைவு, பிள்ளைகள் அதிகம். நேர்முகத்துக்கு ஒன்றாகப் போனோம். என்னைப் பக்கம் செய்யவும் அவளை வெளிக்களத் தாள்களைச் சரிபார்க்கவும் எடுத்தார்கள். மத்தியானம் அவளுடைய சோற்றுப் பெட்டியும் என்னுடையதும் மேசையின் நடுவில் திறந்துதான் இருக்கும், யாருடையதை யார் சாப்பிட்டோம் என்று தெரியாது.

என்னைப் பற்றிய ஒன்று அந்த அலுவலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்த பிறகு ஒரு துணி மூட்டையோடு வந்திறங்கி, முரசுமோட்டைப் பக்கம் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். வாய்க்காலுக்கு அப்பால் காடாக இருந்த துண்டை வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்து, கொட்டில் போட்டார்கள். அப்படி வந்த அறுபது எழுபது குடும்பம் அங்கே இருந்தது. நான் பிறந்தது அந்தக் கொட்டிலில். மலையை நான் கலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுக்கு அரசாங்கப் பெர்மிட் கேட்டு அப்பா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். யுத்தத்தில் அந்தக் கடதாசிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நான் அப்பாவின் பேச்சைப் பேசுவேன். அலுவலகத்தில் ஓம், இல்லை, வாறன், போறன் என்று ஊரின் பேச்சு. கேட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்கமா என்று கேட்டால், ஆம், வெட்கம்தான். "தோட்டத்து ஆக்கள்" என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட சொல் காதை விட்டுப் போகவில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா தட்டிப் போடும் ரொட்டியைச் சம்பலோடு சுடச்சுடத் தின்பாள். "அம்மா, இன்னொண்டு போடுங்கோ" என்று குசினிக்குள்ளேயே பலகை போட்டு இருந்துகொள்வாள். மழைக்கு ஒழுகும் இடத்தில் அம்மா வைத்த சட்டியைத் தானே எடுத்துப் போய் வெளியே ஊற்றுவாள். அப்பா அவளையும் "மக" என்றுதான் சொல்வார்.

காணிப் பட்டியலுக்கு எனக்குத் தந்த தாளில் நான்கு தெரிவுகள் இருந்தன. உறுதிக் காணி, பெர்மிட் காணி, குத்தகைக் காணி, பிறர் காணியில் தங்கியிருப்போர். ஐந்தாவதை நான் சேர்த்தேன்: பத்திரமின்றி நீண்டகாலம் குடியிருப்போர். திருட்டுத்தனமாக அல்ல, பெரியவரிடம் கேட்டுத்தான். பெரியவர் என்று நாங்கள் சொன்னது எங்கள் பொறுப்பதிகாரியை. ஓய்வுபெற்ற வாத்தியார், நிதானமான மனிதர். "அப்பிடியான சனம் இருக்குதுதான் பிள்ளை. போடும். அவைக்குத்தான் முதலிலை குடுக்கவேணும்," என்றார். அந்தத் தெரிவுக்கு அதிக புள்ளியும் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது எங்கள் கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு நிற்பதை நான் பார்த்துவிட்டேன். அப்பாவிடமும் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

கணக்கெடுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவள் என் கதிரைக்குப் பின்னால் வந்து தோளில் கை போட்டாள்.

"எடி, காணி லிஸ்டிலை அந்த அஞ்சாவதை ஒருக்கா எடுத்துவிடு. பெரியவர் சொன்னவர்."

"ஏன்?"

"வெளிநாட்டு ஆக்கள் பார்க்க வருகினமாம். பத்திரம் இல்லாத காணி எண்டால் கேள்வி கேப்பினமாம். அவை போனாப்போலை திருப்பிப் போட்டுவிடலாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் எழுந்து போய்ப் பெரியவரைக் கேட்டிருப்பேன். சொன்னது அவள். எங்கள் ஒழுகலுக்குச் சட்டி எடுத்து ஊற்றியவள். கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். ஏழு படிவத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், ஏழிலும் நான்கு தெரிவுதான் இருந்தது. "கெட்டிக்காரி" என்று என் கன்னத்தில் கிள்ளிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து என்னைப் பூநகரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு சின்னக் கிளை திறக்கிறார்கள், கணினி பூட்டி, அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிவம் பழக்க வேண்டும். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அங்கேயே ஒரு வீட்டில் தங்கினேன். போகும் முன் கோப்பின் கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்தேன். "வெளிநாட்டு ஆக்கள் போனவுடனை அந்த வரியைப் போடு, மறந்திடாதை," என்றேன். "நீ போட்டு வா, நான் பார்க்கிறன்," என்றாள். பார்த்தாள்தான்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது முதல் கட்டப் பட்டியலை ஊர்களின் பொதுநோக்கு மண்டபங்களில் ஒட்டியிருந்தார்கள். நான் பையை வைத்துவிட்டுக் கால் கழுவக்கூட இல்லை, அப்பா முற்றத்தில் வந்து நின்றார். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குடும்பத்துக்கும் வீடில்லை. தெரிவாகாதவர்கள் என்ற தாளில் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள், பெயருக்கு நேரே காரணத்தோடு. அப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்தக் காரணத்தை வாசித்து, மனப்பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"பிறர் காணியில தங்கியிருக்கோம்னு போட்டிருக்காங்கம்மா. இது யாரு காணி? அந்த ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே கேட்டார். இருபத்தெட்டு வருஷம் தான் தண்ணி ஊற்றிய நிலத்துக்குத் தனக்குத் தெரியாமல் ஒரு சொந்தக்காரன் இருக்கிறானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தட்டச்சுப் பிள்ளைகள் வாய்க்கால் குடும்பங்களின் தாளைக் கையில் எடுத்திருப்பார்கள். பட்டியலை விரித்திருப்பார்கள். ஏற்றது இல்லை. விட்டுவிட்டுப் போனால் படிவம் பதியாது. குறிப்பெழுத இடமும் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற நான்காவதை அழுத்திவிட்டு அடுத்த தாளை எடுத்திருப்பார்கள். பிறர் காணியில் நிறுவனம் வீடு கட்டாது. அவர்களில் ஒரு பிழையும் இல்லை. வேறு வழி ஒன்றும் நான் வைக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்னே போய் நின்றேன். பெரியவரிடம், வெளிநாட்டு ஆட்கள் போன பிறகு அந்தத் தெரிவை ஏன் திருப்பிப் போடச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வெளிநாட்டு ஆக்கள்? ஒருத்தரும் வரேல்லையே. நான் எடுக்கச் சொல்லவும் இல்லை."

அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்தார். அதில் ஒரு கடிதம். வெளிக்களப் பரிசோதனையில் பத்திரமின்றி நீண்டகாலம் குடியிருக்கும் குடும்பங்கள் எவையும் காணப்படவில்லை, ஆகவே அந்தத் தெரிவு நீக்கப்பட்டுள்ளது என்று நான்கு வரி. கீழே அவளுடைய கையெழுத்து. அந்த உருண்டை எழுத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன், வகுப்பில் அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தானே பாதிப் பாடம் எழுதினேன்.

எவையும் காணப்படவில்லையாம். எங்கள் குசினியில் பலகை போட்டு இருந்து தின்றவளுக்கு நாங்கள் காணப்படவில்லையாம்.

அவள் கிணற்றடியில் சோற்றுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் பார்த்துவிட்டேன் என்று என் முகத்திலேயே வாசித்துவிட்டாள் போலிருக்கிறது, தண்ணியை ஊற்றுவதை நிறுத்தினாள். நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுதான் போனேன்.

"ஏனடி?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"எங்கட ஊருக்கு ஒண்டும் மிஞ்சாது. அந்த அஞ்சாவதுக்கு அவ்வளவு புள்ளி போட்டால் வீடு முழுக்க வாய்க்கால் பக்கம் போயிடும். அம்மா எத்தினை வருஷமாய்த் தறப்பாளுக்குக் கீழை கிடக்கிறா, நீ பார்த்தனிதானே. நான் என்ன செய்யிறது?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நீ எடுத்திருப்பியோ?"

எடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பெரியவரின் பெயரைச் சொல்லி என் விரலாலேயே அழிக்க வைத்தாள். அதுவரை கூட எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது, அவளுடைய அம்மாவின் தறப்பாளை நானும் பார்த்தவள்தான். அப்போதுதான் அவள் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொன்னாள்.

"யோசிச்சுப் பார். நாங்கள் இந்த மண்ணை விட்டு எங்கை போறது? உங்கட ஆக்கள் எண்டாலும் ஒருநாளைக்கு மலைக்குத் திரும்பிப் போற ஆக்கள்தானே."

கோபத்தில் சொல்லியிருந்தால் வாய் தவறிவிட்டது என்று விட்டிருக்கலாம். மெதுவாக, அன்பாகச் சொன்னாள். அத்தனை வருஷமும் எங்கள் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டே எங்களைப் பயணிகள் என்று நினைத்திருக்கிறாள். முதுகில் குத்துவது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு உண்மையாகவே முதுகு கூசியது. கையை உதறிவிட்டு வந்தேன்.

அவளுடைய அம்மாவுக்கு வீடு வந்தது. நல்ல வீடு, முன்னால் விறாந்தை. சில வருஷத்தில் சண்டை திரும்பி வந்தபோது அந்த வீட்டையும் விட்டுவிட்டுத்தான் அவர்கள் ஓடினார்கள், நாங்கள் கொட்டிலை விட்டுவிட்டு ஓடினோம். எல்லாருக்கும் எல்லாமும் போனதுதானே, இன்னும் எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஷெல் விழுந்து போனதும் சிநேகிதி எடுத்துப் போனதும் எனக்கு ஒன்றல்ல.

பெரியவரிடம் அந்த வரியைத் திருப்பிப் போட விடுங்கள் என்று கெஞ்சினேன். என்னிடம் இருந்த கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. நான் பூநகரியில் இருந்தபோது பக்கங்களுக்குப் பொறுப்பாக அவளையே போட்டிருந்தார்கள்.

"மேலிடத்துக்குப் போன பட்டியலும் இஞ்சை இருக்கிற படிவமும் ஒத்திருக்கவேணும். நானும் கையெழுத்துப் போட்டிட்டன் பிள்ளை. இனி ஒரு சொல்லும் மாத்தேலாது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "முறைப்பாடு இருக்கிற ஆக்கள் வரட்டும். திரும்பப் பதிஞ்சு, அடுத்த கட்டத்துக்கு அனுப்புவம்," என்றார்.

"அதே படிவத்திலையோ, சேர்?"

"அதே படிவத்திலைதான்."

முறைப்பாட்டு நாளில் வாய்க்கால் சனம் முழுவதும் வந்து வாசலில் வரிசையாக நின்றது. அப்பாதான் கூட்டி வந்திருந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார், மடிப்பின் கோடு நெஞ்சில் குறுக்கே தெரிந்தது. என் மகள்தான் எழுதப் போகிறாள், இனிப் பிழை வராது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். முதல் ஆளாக வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்தார். அலுவலகத்தில் என்னை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் கேட்கும்படி அவருடைய பேச்சில் பேசினார், நானும் அதே பேச்சில் பதில் சொன்னேன். இரண்டு பக்கத்து மேசைகளிலும் தலை நிமிர்ந்தது. அதைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கவலை வரவில்லை.

பெயர் போட்டேன். ஊர் போட்டேன். அம்மாவையும் என்னையும் தம்பியையும் சேர்த்து நான்கு பேர் என்று போட்டேன். காணிப் பட்டியலை விரித்தேன். நான்கு வரிகள். உறுதி என்றோ பெர்மிட் என்றோ பொய் போடலாம். பத்திரத்தைக் கேட்பார்கள், இல்லையென்றால் பொய் சொன்ன குடும்பம் என்று அடுத்த கட்டத்திலும் தூக்கிவிடுவார்கள். ஒன்றும் போடாமல் விட்டால் அப்பா வந்ததாகவே எங்கும் இருக்காது. திரையை அவருக்குத் தெரியாதபடி கொஞ்சம் திருப்பினேன்.

"ஏம்மா நிப்பாட்டிட்ட?"

"ஒன்னுமில்லப்பா. மிசின் மெதுவா வேல செய்யுது."

"நீ பாத்துப் போடு. ஒனக்குத் தெரியாததா," என்றார். வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறர் காணியில் தங்கியிருப்போர் என்பதை அழுத்தினேன். பதிவு செய்யப்பட்டது என்று பச்சையில் ஒரு வரி வந்தது.

"நம்ம காணின்னு சரியாப் போட்டியாம்மா?"

"போட்டேம்பா," என்றேன்.

மூன்றாவது மேசையில் அவள் இருந்தாள். பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்த அறையில் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் அப்பாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், தன் பக்கம் வந்து சேர்ந்துவிட்ட ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி. அப்பா எழுந்து அடுத்தவருக்குக் கதிரையை விட்டார். அன்று மாலை வரை, வாய்க்கால் சனம் எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

வீடு போனதற்கு அவளை எப்போதோ மன்னித்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து அந்த ஒரு சொல்லை என்னைச் சொல்ல வைத்ததற்கு இன்னும் மன்னிக்கவில்லை.